'யானை ஆபிஸ்'காரரிடம் சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் என் பக்கத்தில் உட்காருகிறவர் இலை போடுவதற்குள் கேட்டுவிடுவார்: "தம்பி, தோட்டத்துக்குள்ள வர்ற அந்த யானையை எப்போ பிடிச்சிட்டுப் போவீங்க?" ரசம் வருவதற்குள் முழுப் பதிலையும் சொல்லி முடித்ததே இல்லை. அதனால்தான் இதை எழுதினேன். நான் பால்மரத் (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் பிறந்தவன். அப்பா பால் வெட்டினார், அம்மா களை பிடுங்கினார். நான் அரசாங்கத்தில் யானை, புலி போன்ற பெரிய விலங்குகளைப் பார்க்கும் வனவிலங்கு உயிரியலாளனாக இருக்கிறேன். ஊரில் எனக்குப் பெயர் 'யானை ஆபிஸ்'காரர்.

நீங்கள் காட்டிலாகாதானே?

இல்லை. மரம், வெட்டுமர உரிமம் எல்லாம் வனத்துறையின் வேலை. எங்களுடையது வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. 'பெர்ஹிலித்தான்' என்ற மலாய்ச் சுருக்கப் பெயரைச் சொன்னால் இங்கே எல்லாருக்கும் தெரியும். அது கூட்டரசுத் துறை, தீபகற்ப மலேசியாவுக்கும் லபுவானுக்கும் மட்டும். சபாவிலும் சரவாக்கிலும் அவர்களுக்கென்று தனி அமைப்புகள் இருக்கின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலத்துடையவை. வனவிலங்குப் பாதுகாப்பு மட்டும் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவானது. அதாவது யானை எங்கள் பொறுப்பு, ஆனால் அது நிற்கிற நிலம் எங்களுடையது இல்லை. ஒரு காட்டைத் தோட்டமாக்க மாநிலம் முடிவெடுத்தால் நாங்கள் கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. என் வேலையில் பாதித் தலைவலி இந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது.

அப்படியென்றால் நீங்கள் கால்நடை டாக்டரா?

அதுவும் இல்லை. மயக்க ஊசி போடுவது வெட்னரி டாக்டர். எத்தனை இருக்கின்றன, கூடுகிறதா குறைகிறதா, ஏன், எங்கே இருந்தால் பிழைக்கும் என்று பார்ப்பது என் வேலை. ஒரு விலங்கைக் காப்பாற்றுவது டாக்டர் என்றால், கூட்டத்துக்குக் கணக்கு வைக்கிற கிராணி நான்.

பெரிய விலங்கு என்றால் வேட்டை விலங்கு என்று அர்த்தமா?

பழைய அர்த்தம் அதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் துறைக்கு முன்னோடியாக இருந்ததன் பெயரே 'கேம் டிபார்ட்மென்ட்'. தியோடர் ஹப்பக் என்பவர் இங்கே ரப்பர் தோட்டம் நடத்தியவர், காட்டெருமை வேட்டையில் பேர் போனவர். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த இன்னொரு ஹப்பக்கின் சகோதரர். சுட்டுச் சுட்டுக் கடைசியில் அவருக்கே மனம் மாறிவிட்டது. இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்காக வருடக்கணக்கில் வாதாடியவர் அவர்தான். தோட்டக்காரர்கள் எல்லாரும் விலங்குக்கு எதிரி என்று யாராவது சொன்னால் நான் அவர் பெயரைச் சொல்வேன்.

அமெரிக்காவில் இதே வேலை வேறு மாதிரி. அங்கே மாநில உயிரியலாளர் மானை எண்ணுவார். இந்த வருடம் எத்தனை சுடலாம், அதில் எத்தனை பெட்டை என்று கணக்குப் போட்டு அனுமதிச் சீட்டு எண்ணிக்கையைப் பரிந்துரைப்பார். துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரும் வரிதான் அந்த வேலைக்குப் பெரிய வருமானம். 1937-இல் போட்ட சட்டம் அது. நம் நாட்டில் யானை, புலி, காட்டெருமை, தாப்பிர் எதையும் சுட உரிமம் கிடையாது. அதனால் எத்தனை சுடலாம் என்ற கேள்வி எனக்கு வருவதில்லை. இருக்கிற கொஞ்சத்தை எங்கே வைப்பது என்பதுதான் என் கேள்வி. காண்டாமிருகத்துக்கு அந்தக் கேள்வியும் முடிந்துவிட்டது. சபாவில் இருந்த ஈமான் என்ற பெண் காண்டாமிருகம் 2019 நவம்பர் 23-இல் இறந்தது. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் அது.

காட்டுக்குள் போய் எப்படி எண்ணுவீர்கள்? கண்ணால் பார்த்தா?

கண்ணால் பார்த்து எண்ணினால் என் உத்தியோகம் முழுவதும் சேர்த்து விரலுக்குள் அடங்கும். மழைக்காட்டில் இருபது அடிக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது.

புலிக்குத் தானியங்கிக் கேமரா. மரத்தில் கட்டிவிட்டு வந்தால், முன்னால் சூடான உடம்பு அசையும்போது தானே படம் எடுக்கும். புலிக்குப் புலி கோடு வேறு. ஒரே புலிக்கும் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் வேறு வேறு. அதனால் பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கேமரா வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே புலியை இரண்டு புலியாகக் கணக்கெழுதிவிடுவோம்.

படம் கிடைத்தபின் எப்படி மொத்தம் தெரியும்? இப்படி நினைத்துப் பாருங்கள். சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூன்று வாரம் சுற்றினால் அதே முகங்கள் திரும்பத் திரும்ப எதிரே வரும். ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்தில் மூன்று மணி நேரம் நின்றாலும் பார்த்த முகத்தை மறுபடி பார்ப்பது அபூர்வம். பார்த்த முகமே எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதை வைத்துக் கூட்டம் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடலாம். புலிக் கணக்கின் அடிப்படை இவ்வளவுதான், மீதி கம்ப்யூட்டர். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் வந்த விடை: தீபகற்பத்தில் 150-க்கும் குறைவு. 1950-களில் 3,000 இருந்திருக்கலாம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது யாரும் எண்ணிய எண் இல்லை, ஊகம்தான். பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும்.

யானைக்குக் கோடு இல்லை. யானைக்குச் சாணம். நேர்கோட்டில் நடந்து வழியில் கிடக்கும் லத்தியை எண்ணுவோம். ஒரு யானை நாளைக்கு எத்தனை முறை போடும், போட்டது எத்தனை நாளில் மக்கி மறையும் என்று தெரிந்தால் யானை எண்ணிக்கை கிடைத்துவிடும். இதில் மக்கும் நாள்தான் வில்லன். அடைமழை மாதத்தில் சீக்கிரம் கரையும், வெயிலில் நாள்கணக்கில் கிடக்கும். அதனால் முதலில் புதுச் சாணத்துக்கு அடையாளக் குச்சி நட்டு, அது மறையும்வரை போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய பிள்ளை சாணிக்குக் காவல் இருக்கிறான் என்று என் மாமா ஊரெல்லாம் சொன்னது இதைத்தான். புதுச் சாணத்தின் மேல் வழுவழுப்பில் குடலின் உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து மரபணு பார்த்தால் எந்த யானை என்றே சொல்லிவிடலாம்.

என் முதல் கேமராவைக் கிழக்குப் பார்த்து வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் வெயிலில் ஆடிய ஒரே இலையின் படம் நூற்றுக்கணக்கில். கூட வந்த தெமியார் பூர்வகுடி இனத்துப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை நான் கேமராவை எடுக்குமுன் அவரே மரத்தைக் காட்டினார்.

சரி, எங்கள் தோட்டத்து யானையை ஏன் பிடித்துக்கொண்டு போக மாட்டேன் என்கிறீர்கள்?

பிடிக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. 1974-லிருந்து இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. பகாங் லஞ்சாங்கில் கோலா காண்டா யானைகள் நிலையம் 1989-இல் வந்தது. மயக்க ஊசி போட்டு, காலில் சங்கிலி பூட்டி, பழக்கிய யானை இரண்டை இரு பக்கமும் அணைத்து நிறுத்தி, நடத்தியே லாரியில் ஏற்றுவார்கள். தாமான் நெகாரா, பேலும், எண்டாவ் ரொம்பின் என்று பெரிய காடுகளில் கொண்டுபோய் விடுவார்கள். இதுவரை நூற்றுக்கணக்கில் இடம் மாற்றியிருக்கிறோம்.

பார்க்கப் பிரமாதமாக இருக்கும், பத்திரிகையில் படம் வரும். ஆனால் மயக்க ஊசி பட்ட யானை நெஞ்சு தரையில் பட விழுந்தால், உடம்பு எடையே நுரையீரலை அழுத்தி மூச்சை நிறுத்திவிடும். அப்படி விழாமல் பார்ப்பது டாக்டருக்கு உயிர் போய் உயிர் வரும் நேரம். அதைத் தாண்டி லாரி ஏறி இறங்கினாலும் கதை முடியாது. கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை கட்டி விட்டவற்றில் சில, விட்ட இடத்தை விட்டு நீண்ட தூரம் நடந்திருக்கின்றன. சில பழைய ஊர்ப் பக்கமே திரும்பியிருக்கின்றன. சில, விட்ட காட்டின் ஓரத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) புதிதாக வாழைக்குலை தேட ஆரம்பித்தன. நம் பிரச்சினையை லாரியில் ஏற்றி இன்னொருவர் வீட்டு வாசலில் இறக்கியதுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு தலைவி யானையைப் பிடித்தால் அவளோடு அவள் கூட்டத்துக்குத் தெரிந்த வழியும் போகிறது. மிச்சமிருக்கும் இளசுகள் கண்ட பக்கம் அலையும்.

யானைக்கு ஆழமான பழங்காட்டைவிடக் காட்டோரம்தான் பிடிக்கும் என்பதைப் பட்டை கட்டிய யானைகள் காட்டிவிட்டன. புல், மூங்கில், இளங்கொடி எல்லாம் வெளிச்சம் படுகிற ஓரத்தில்தான் வளரும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தின்கிற விலங்கு வேறு எங்கே போகும்? காட்டின் ஓரம் எது? நம் தோட்டத்தின் வேலி. ஒரு யானையைத் தூக்கினால் அந்த இடம் காலியாகும், இன்னொன்று வந்து நிற்கும்.

பின்னே என்னதான் வழி?

மறுநடவு வரைபடம். தோட்டத்துக்குப் போனதும் நான் முதலில் கேட்பது துப்பாக்கியோ வெடியோ இல்லை, மேனேஜரின் சுவரில் மாட்டியிருக்கும் ரீபிளாண்டிங் பிளான்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) 25 வயதானால் வெட்டிப் புதுக் கன்று நடுவார்கள். ஓங்கி வளர்ந்த மரத்தை யானை பெரிதாகச் சீண்டாது. முதல் மூன்று நான்கு வருடக் கன்றின் குருத்துத்தான் அதற்கு அல்வா. ஒரே இரவில் ஒரு கூட்டம் ஒரு நிரையையே பிடுங்கி, குருத்தை மட்டும் தின்று, மீதியைத் துப்பிவிட்டுப் போகும். காட்டை ஒட்டிய நூறு ஏக்கரை ஒரே ஆண்டில் மொத்தமாக வெட்டி நட்டுவிட்டு, யானை வந்துவிட்டது என்று எங்களைக் கூப்பிட்டால் நான் என்ன சொல்வது? இலை போட்டுப் பந்தி விரித்துவிட்டு விருந்தாளி வந்துவிட்டார் என்று போலீசைக் கூப்பிடுகிற மாதிரி.

எந்த வயல் முதலில், எது அடுத்து, கன்று சிறிதாக இருக்கும் வருடங்களில் வேலி எங்கே, யானை ஆற்றைக் கடக்கும் இடத்தை விட்டுவைப்பதா, அடைப்பதா என்று எங்களோடு உட்கார்ந்து பேசும் தோட்டங்களில் சேதம் இல்லாமல் போகவில்லை. ஆனால் குறைந்திருக்கிறது, ஆளும் சாகவில்லை. பேசாத தோட்டம் ஒன்றில், பெயர் வேண்டாம், மூன்று தடவை நட்டார்கள். மூன்றாவது தடவையும் நான் போய்ப் படம் எடுத்து ரிப்போர்ட் எழுதினேன்.

மின்வேலி போட்டால் போதாதா?

போதும், பராமரித்தால். யானைக்கான மின்வேலி சில ஆயிரம் வோல்ட், ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான துடிப்பு. சுள்ளென்று அடிக்கும், கொல்லாது. ஆனால் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் புல் வழியாகத் தரைக்குப் போய்விடும். தந்தத்தில் மின்சாரம் ஏறாது என்று ஆண் யானை ஒன்று கண்டுபிடித்துவிட்டால் தந்தத்தாலேயே கம்பியைத் தூக்கும், இல்லையென்றால் மரத்தைச் சாய்த்து வேலி மேல் போடும். மாதாமாதம் புல் வெட்ட ஆள் போட மனமில்லாதவர் வேலி போட்டால் பணம்தான் போகும்.

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேராக இழுத்துவிடும் ஆட்களும் உண்டு. அது வேலி இல்லை, கொலை. யானையும் சாகும், காலையில் அந்தப் பக்கம் வரும் மனிதனும் சாவான்.

விடிகாலையில் வேலைக்குப் போகும்போது யானை எதிரே வந்தால்?

பால் வெட்டப் போகிறவர்கள் இருட்டில் நெற்றி விளக்கோடு கிளம்புகிறார்கள், யானையும் அப்போதுதான் காட்டுக்குத் திரும்பும். புதுச் சாணம், உடைந்த கிளை, புளித்த வாடை தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள், மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்தி விளக்கு அடித்து ஹார்ன் போட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், போன் எடுக்காதீர்கள். ஓசை இல்லாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். குட்டி இருக்கிற கூட்டம், தனியாக நிற்கிற ஆண் என்றால் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நில்லுங்கள். எங்கள் லயத்துப் பாட்டிகள் யானை என்றே சொல்ல மாட்டார்கள். "பிள்ளையார் வந்திருக்கார், இன்னிக்கு அந்தப் பக்கம் போவாதே" என்பார்கள். நம்பிக்கை எதுவானாலும் அறிவுரை சரியானது. இப்போது செம்பனைக்குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். அந்தப் பாட்டிகள் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள். புதுத் தொழிலாளிக்குச் சொல்ல ஆளில்லை.

காட்டுப் பன்றியைச் சுடலாமா?

உரிமம் வாங்கினால் சுடலாம். உரிமம் இல்லாமலோ, சுருக்குக் கண்ணி வைத்தோ கூடாது. கண்ணிக்குப் பன்றி எது புலி எது என்று தெரியாது. கண்ணியில் கால் அறுபட்ட புலியைப் படத்தில் பார்த்திருக்கிறேன், சோறு இறங்கவில்லை.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் இந்த நாட்டுக்குள் வந்தபிறகு பல இடங்களில் காட்டுப் பன்றி சட்டென்று குறைந்துவிட்டது. மரவள்ளிக் கொல்லைக்காரர்களுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. காரணம் அடுத்த பதிலில்.

மானைத் தொடக்கூடாது என்கிறீர்கள், புலியைக் காப்பாற்றவா?

ஆமாம். ஒரு புலிக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 50 மான் அளவு இரை வேண்டும். சாம்பர் மான், கேளையாடு, காட்டுப் பன்றி இவைதான் அதன் சாப்பாட்டுத் தட்டு. நம் காட்டில் சாம்பர் மான் பல இடங்களில் துடைத்து எடுத்த மாதிரி ஆகிவிட்டதால் அதற்கும் கேளையாட்டுக்கும் வேட்டை உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். பன்றியை நம்பியிருந்த புலிக்கு இப்போது பன்றியும் குறைந்தால் அது கம்பத்து மாட்டையும் நாயையும் தேடும். நாயிடம் வேறு ஆபத்து இருக்கிறது. 2019-இல் திரங்கானு டுங்குனில் கம்பத்துக்குள் தடுமாறி நடந்து வந்த புலியைப் பிடித்துப் பார்த்தால் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய். கொஞ்ச நாளில் இறந்துவிட்டது.

சாலையில் அடிபடுவது?

2025 மே 11, அன்னையர் தினம். கிரிக்-ஜெலி நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு குட்டி யானை அடியில் சிக்கியது. தாய் தலையால் லாரியை முட்டி முட்டி நின்ற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதையில் இரவில் மெதுவாகப் போங்கள். நான் வேறு ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஆபத்தான வேலையா?

யானையைவிடக் கொசுவுக்குத்தான் பயம். இப்போது நாட்டில் உள்ளூரில் தொற்றும் மலேரியா கிட்டத்தட்ட எல்லாமே குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகை. அப்புறம் எலிக் காய்ச்சல். அட்டை ஒன்றுமில்லை, பழகிவிடும்.

என் மகன் சேர ஆசைப்படுகிறான். என்ன படிக்க வேண்டும்?

எஸ்.பி.எம்.மில் (ஐந்தாம் படிவத் தேர்வில்) மலாய்மொழி நல்ல தேர்ச்சி கட்டாயம். அதைக் கோட்டை விட்டுவிட்டு, உயிரியலில் ஏ வாங்கியும் பயனில்லாமல் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பிறகு எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்பு. பட்டத்துக்குச் சபா பல்கலைக்கழகம், திரங்கானு, யு.கே.எம்., யு.பி.எம். என்று பல இடங்களில் உயிரியல், காடு சார்ந்த படிப்பு இருக்கிறது. விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையம் வழியாக. பட்டதாரி அதிகாரிக்கு முன்பு 41 என்று இருந்த தரம் 2024 டிசம்பரில் தொடங்கிய புதிய முறையில் 9. எஸ்.பி.எம். மட்டும் வைத்துச் சேர உதவியாளர் பதவியும் உண்டு. காட்டை அறிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

அவனுக்குப் புள்ளியியல் பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். விலங்கு பிடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். காட்டில் பத்து நாள் இருந்தால் ஆபிஸில் எண்ணோடு இருபது நாள். ரிப்போர்ட் மலாயில், ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில், தோட்டத்தில் பேசுவது தமிழில். அந்தக் கடைசித் தகுதி நம் பிள்ளைகளிடம் சும்மாவே இருக்கிறது.

பெண் பிள்ளைகள் போகலாமா?

போகிறார்கள். என் குழுவில் கேமராவை ஒழுங்காக வைக்கத் தெரிந்தவர் ஒரு பெண்தான்.

எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் புலிநகம் பதித்த டாலர் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அதன் நகமோ பல்லோ தோலோ அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட், சிறை 15 வருடம்வரை. பாட்டி கொடுத்தது, சாமிக்குப் போட்டது என்பதெல்லாம் சட்டத்தில் இல்லை. விற்காதீர்கள், பேஸ்புக்கில் படம் போடாதீர்கள், குழந்தை கழுத்தில் போட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போகாதீர்கள். மாவட்ட அலுவலகத்தில் போய் என்ன செய்வது என்று நீங்களே முதலில் கேளுங்கள்.

அது நிஜப் புலிநகமா என்பதும் ஒரு கேள்வி. என் பெரியம்மா தன் வீட்டு டாலரை, பெரியப்பா இந்தியாவிலிருந்து கொண்டு வந்தது என்று பெட்டியிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். நிஜ நகம் உள்ளே குழிவாக, உறை மாதிரி இருக்கும். இது முழுக்கத் திடமாக இருந்தது, இழைத்த தடம்கூடத் தெரிந்தது. மாட்டுக் கொம்பு. பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.